மாதா படத்தின் பின்பக்கம்

மாதா படம் போட்ட கடதாசியை எங்கள் வீட்டில் குப்பையில் போடுவதில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எந்த வேதக்கார வீட்டிலும் போடுவதில்லை. பழைய கலண்டராக இருந்தாலும் சரி, யாரோ செத்த வீட்டு நினைவாக அடித்துக் கொடுத்த சின்னப் படமாக இருந்தாலும் சரி, கசக்க மாட்டோம், கிழிக்க மாட்டோம், அதில் கடலை சுற்ற மாட்டோம். நிறம் மங்கிப் போனாலும் பைபிளுக்குள் வைப்போம், இல்லையென்றால் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்போம். நல்ல பழக்கம்தான். நான் இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் இந்தப் பழக்கத்தின் முதுகில் ஏறிக்கொண்டுதான் ஒரு பொய் என் குசினிக்குள், அடுப்படிவரைக்கும் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் செபமாலை கையில் இருக்க, செபம் பாதியில் நின்றுவிடுகிறது.

சமாதானப் பேச்சு முறிந்து, மூலைக்கு மூலை திரும்பவும் சோதனைச் சாவடி முளைத்த காலம் அது. எங்கள் பக்கத்துப் பக்தர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரு சஞ்சிகை அடித்தார்கள். கோயில் நடத்தியதல்ல, ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட மாஸ்டர்தான் ஆசிரியர். ஞாயிறு பூசை முடிய வாசலில் வைத்து விற்பார்கள். நடுப்பக்கத்தில் தடித்த கடதாசியில் கலரில் ஒரு படம் வரும். ஒரு மாதம் அந்தோனியார், ஒரு மாதம் திரு இருதயம், ஒரு மாதம் மாதா. அந்தப் படத்துக்காகவே வாங்குகிறவர்கள் பாதிப் பேர். படத்தின் பின்பக்கம் சும்மா போகக் கூடாது என்று அதில் "ஆரோக்கியப் பக்கம்" போடுவார்கள். எந்தக் கீரை எதற்கு நல்லது, எந்தப் பழம் எந்த வருத்தத்துக்கு என்று.

கடைசிப் பக்கம் நன்றிப் பக்கம். கேட்ட வரம் கிடைத்தவர்கள் புனிதருக்கு நன்றி சொல்லிப் போடுகிறது. அதில் போடுவது லேசில்லை. என் கணவருக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை கிடைத்தபோது நான் அந்தோனியாருக்கு நன்றி போடப் போனேன். உங்கள் பங்குப் பாதர் விசாரித்துக் கையெழுத்து வைத்துத் தந்தால்தான் போடுவோம் என்று திருப்பி அனுப்பினார்கள். பாதர் வேலைக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தார். அப்போது எனக்கு அது சரியாகத்தான் பட்டது. கண்டவனும் அற்புதம் நடந்தது என்று எழுதினால் சாமி காரியம் என்ன ஆகும்?

என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பல வருசமாக இருந்தது. குளிசை போடுவார், பகலில் ஒளித்துப் பாணில் ஜாமும் பூசிச் சாப்பிடுவார். அந்த வைகாசியில் வந்த மாதா படத்தின் பின்னால் கொட்டை எழுத்தில் இருந்தது: சீனி வருத்தத்துக்குக் காமரங்காய். குறுக்காக வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் புளிப்புக் காய். அதைப் பிழிந்து காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் குடித்தால் சீனி இறங்கும், "டொக்டர்மார் சொல்கின்றனர்" என்று போட்டிருந்தார்கள். நான் படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் குசினி ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். முன்பக்கம் மாதா. திருப்பினால் காமரங்காய். முகத்துவாரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மரம் காய்த்துக் கொட்டிக் கிடந்தது. பை நிறையத் தந்தார்கள்.

"உம்மட மாதா என்னைப் புளியில ஊறப்போடப் பாக்கிறா" என்பார் அவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும்போது.

"வாயை அலம்பிட்டுக் கதையுங்க. மாதாவை இழுக்க வேணாம்."

"நான் எங்க இழுத்தன்? நீர்தான் ஆணியில கட்டித் தூக்கி வச்சிருக்கிறீர்."

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. பிறகு விக்கல் வந்தது. விக்கல்தானே என்று தண்ணீர் கொடுத்தேன். நிற்கவில்லை. வேலைக்குப் போய் விக்கிக்கொண்டே திரும்பி வந்தார். "ஒபிசில எல்லாரும் சிரிக்கிறாங்கள், யாரோ பழைய சிநேகிதி நினைக்கிறாளாம்" என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன். அடுத்த நாள் வாந்தி. அதற்கும் அடுத்த நாள் கட்டிலில் இருந்துகொண்டு, வீட்டுச் சுவரைக் காட்டி, "அந்தக் கப்பல் ஏன் இன்னும் போகல்ல?" என்று கேட்டார். என்னைப் பார்த்து யார் நீங்கள் என்றார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன் தன் ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு சிங்கள டொக்டர். நான் சொன்ன வருத்தத்தை எல்லாம் கேட்டுவிட்டு, என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கேட்டார். சோறு, பாண், தேத்தண்ணி என்று சொல்லிக்கொண்டு போய்க் காமரங்கா என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"யார் குடுக்கச் சொன்னது?"

நான் பெருமையாக, டொக்டர்மார் சொன்னது, கோயில் வாசலில் விற்கிற புத்தகத்தில் வந்தது என்றேன். அவர் பக்கத்தில் நின்ற நேர்ஸைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். சீனி வருத்தம் நாள்பட்டால் கிட்னி உள்ளுக்குள்ளேயே பழுதாகும், வெளியில் தெரியாது. பழுதான கிட்னிக்காரருக்கு அந்தச் சாறு நஞ்சு. விக்கல்தான் அதன் முதல் அடையாளம்.

அவரை மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் பண்ணினார்கள். நான் வார்ட்டுக்கு வெளியில் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு மாதாவைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட? கூப்பிடக் கூப்பிட எனக்குக் குசினி ஆணியில் தொங்கின படம் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

அவர் என்னை அடையாளம் கண்டு, "கோழிச்சூப் ஏதும் கொண்டு வந்தனீரா?" என்று கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு மச்சாளின் நினைவு வந்தது. என் கணவரின் அக்கா. வெள்ளவத்தையில் அடுக்குமாடி பிளட்டில் இருந்தா. அவவுக்கும் சீனி. சஞ்சிகை ஒவ்வொரு மாதமும் அவவுக்கும் சேர்த்து நான்தான் வாங்கி அனுப்புகிறது. போன் எடுத்தேன்.

"ஓம், நானும் குடிக்கிறன். நல்ல சுகம்" என்றா.

"மச்சாள், அதை நிப்பாட்டுங்க. உங்கட தம்பி செத்துப் பிழைச்சிருக்கிறார்."

"அவன் பிழைச்சது மாதா காப்பாத்தினது. நீர் ஏன் மாதா படத்தில போட்டதைப் பிழையெண்டு சொல்லுறீர்?"

போனில் கதைத்துச் சரிவராது என்று தெரிந்தது. உறையோடு படத்தையும், ஆஸ்பத்திரித் துண்டையும் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காலி வீதி என்கிற அந்தப் பெருந்தெருவில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஐடென்டியைப் பார்த்து, எந்த ஊர், எங்கே போகிறாய், யார் வீடு என்ற வழக்கமான கேள்வி எல்லாம் முடிய, ஒரு பொலிஸ்காரி என் பையைத் திறந்து படத்தை எடுத்தாள். மாதாவைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளும் வேதக்காரப் பிள்ளைதான் போல. பிறகு திருப்பினாள். பின்னால் முழுக்கத் தமிழ்.

"மேக்க கவுத லிவ்வே?" என்று கேட்டாள். இதை யார் எழுதினது?

அது சாப்பாட்டு விசயம், காமரங்கா விசயம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

சரி, யார் எழுதினது என்று திரும்பவும் கேட்டாள்.

நான் உறையைக் கிட்டப் பிடித்து மேலும் கீழும் பார்த்தேன். பெயர் இல்லை. எங்கிருந்து எடுத்தது என்று இல்லை. எந்த டொக்டர், எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் இல்லை. தெரியாது என்றேன். யார் எழுதினது என்று தெரியாத கடதாசியை ஏன் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று ஒரு ஏச்சு ஏசிவிட்டுத்தான் தந்தாள்.

பஸ்ஸில் திரும்ப ஏறி இருந்தபோது எனக்கு மேலெல்லாம் பற்றி எரிந்தது. அவளில் கோபம் இல்லை. சந்தேகப்பட்டுத்தான் திருப்பிப் பார்த்தாள், சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே! அதை அந்தச் சஞ்சிகையில் இருந்த ஒரு மனிசனும் கேட்கவில்லையே!

மச்சாளின் வீட்டில் மேசையில் தம்ளர் இருந்தது. அவவின் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தது. நான் ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினேன், டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டே தம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்தா.

"நீர் எட்டாம் வகுப்பு. அது படிச்ச ஆக்கள் போடுறது. டொக்டர்மார் சொன்னதெண்டு போட்டிருக்கு."

"எந்த டொக்டர் மச்சாள்? பேரைக் காட்டுங்க."

"பேர் போடாட்டி டொக்டர் இல்லையோ? யேசுவும்தான் பைபிளில கையெழுத்துப் போடேல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னா: "அவங்கள் பிழையெண்டு அதிலயே போடட்டும். அண்டைக்கே நிப்பாட்டுறன்."

சரி, போட வைக்கிறேன் என்று எழும்பினேன்.

சஞ்சிகைக் கந்தோர் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்துக்கு மேல்மாடி. மாஸ்டர் என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டார். நல்ல மனிசன் என்றுதான் ஊரில் பெயர். நான் எல்லாம் சொன்னேன். அவர் "அடடா, அடடா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி, நாங்க கற்பனையில ஒண்டும் எழுதுறல்ல. எல்லாத்துக்கும் ஆதாரம் வச்சிருக்கிறம்" என்று சொல்லி, எழும்பிப் போய் அலுமாரியில் ஒரு கோப்பைத் தேடி எடுத்து வந்தார். இந்தியச் சஞ்சிகை ஒன்றில் இருந்து வெட்டின துண்டு. வாசகர் ஒருவர் அனுப்பியதாம். நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. "வாசிச்சுப் பாருங்க" என்று என் கையில் தந்தார்.

வாசித்தேன். இடைக்கிடை ஒரு துண்டு பழம் சாப்பிடலாம் என்றுதான் இருந்தது. சாறு என்றும் இல்லை, வெறும் வயிறு என்றும் இல்லை, தம்ளர் என்றும் இல்லை. நீலக்கோட்டுக்குக் கீழே, அவர்கள் எடுக்காமல் விட்ட இன்னும் இரண்டு வரி இருந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது என்று.

"மாஸ்டர், இது?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அது… இடம் காணல்ல. படத்தின்ர அளவுக்குத்தானே பின்பக்கம் வரும்."

"சாறெண்டு எங்க இருக்கு?"

"அது எங்கட ஆக்களுக்கு விளங்குற மாதிரி கொஞ்சம் விரிச்சு எழுதினது."

"டொக்டர்மார் சொல்லுறதெண்டு?"

"அப்பிடி எழுதுறது வழக்கம் தங்கச்சி. சும்மா எழுதினா சனம் எடுக்காது."

நான் அந்த வைகாசிப் படத்தைப் பையில் இருந்து எடுத்துத் திருப்பி மேசையில் வைத்தேன். நாலு பக்கமும் ரோசாப்பூக் கரை போட்டிருந்தார்கள், விரல் அகலத்துக்கு. "பூ வைக்க இடம் இருந்திருக்கே மாஸ்டர்! ரெண்டு வரிக்கு இடம் இல்லையா? என்ர மனிசன் சுவரைக் கப்பல் எண்டு சொன்னார் தெரியுமா? உங்கட பூவுக்குப் பதிலா அந்த ரெண்டு வரி இருந்திருந்தா நான் டொக்டரிட்டக் கேக்காம அந்தக் காயை வீட்டுக்குள்ளயே எடுத்திருக்க மாட்டன்!"

சத்தம் கீழே அச்சகம் வரைக்கும் கேட்டிருக்கும். மெசினை நிப்பாட்டினார்கள்.

மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில், பிழை என்று போட்டால் சஞ்சிகையில் சனத்துக்கு இருக்கிற நம்பிக்கை போய்விடும் என்றார். எவ்வளவு கஷ்டப்பட்டு நடத்துகிறோம், இந்த யுத்த காலத்தில் கடதாசி வாங்கவே வழியில்லை என்றார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நம்பிக்கை, நம்பிக்கை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு மச்சாளின் வீங்கின கால்தான் தெரிந்தது. அந்த நம்பிக்கைதானே தம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறது! கடைசியில், அடுத்த இதழில் ஏதாவது போடுகிறேன் என்று வாக்குத் தந்தார்.

போட்டார். ஒரு மூலையில், மெழுகுதிரி விளம்பரத்துக்குக் கீழே: "சென்ற இதழின் ஆரோக்கியப் பக்கத்தில் சில அச்சுப் பிழைகள் நேர்ந்துவிட்டன. வருந்துகிறோம்." காமரங்காய் என்ற சொல்லே இல்லை. அச்சுப் பிழையாம்! அச்சுக்கோர்த்த மனிசன் பாவம், அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

மச்சாளுக்கு அதைப் போனில் வாசித்தேன். "அச்சுப் பிழைதானே, எழுத்துகிழுத்து மாறியிருக்கும். காய் சரிதான்" என்றா.

அன்றைக்குப் பின்னேரம் நான் கோயிலில் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று சண்டைதான் பிடித்தேன். செபம் என்று சொல்ல மாட்டேன். உன் முதுகில் பொய் எழுதி விற்கிறார்கள், நீ சும்மா நிற்கிறாய் என்றேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு நன்றிப் பக்கம் நினைவுக்கு வந்தது. அதில் ஆசிரியர் கை வைப்பதில்லை. பாதர் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் வந்தபடியே அச்சுக்குப் போகும். அதுதான் அவர்களின் சட்டம்.

அங்கேயே ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு நேரே பாதரின் அறைக்குப் போனேன். எழுதினதைக் காட்டினேன்: "சஞ்சிகையின் ஆரோக்கியப் பக்கத்தில் சொன்னபடி காமரங்காய்ச் சாறு குடித்து, அது பழுதான கிட்னிக்கு நஞ்சாகி, சாகக் கிடந்த என் கணவரைக் காப்பாற்றிய மாதாவுக்கு நன்றி. சீனி வருத்தக்காரரும் கிட்னி வருத்தக்காரரும் இந்தச் சாற்றைக் குடிக்க வேண்டாம். கொட்டாஞ்சேனைக் குடும்பப் பெண்."

பாதர் இரண்டு தரம் வாசித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"இது நன்றியா, அறிவித்தலா பிள்ளை?"

"நன்றிதான் பாதர். காப்பாத்தினது உண்மை. எதில இருந்து காப்பாத்தினதெண்டு சொல்லாம நன்றி எப்பிடிச் சொல்றது?"

ஆனால் உடனே கையெழுத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரித் துண்டைக் கேட்டார். டொக்டர் சொன்னது தமிழிலா சிங்களத்திலா, நான் சரியாக விளங்கினேனா என்று கேட்டார். துண்டில் இருந்த வார்ட்டுக்குத் தானே போன் எடுத்து அந்த டொக்டரோடு கதைத்தார். பிறகுதான் பேனையை எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அற்புதத்துக்கு இவ்வளவு விசாரணை. துண்டு வேணும், சாட்சி வேணும், கையெழுத்து வேணும். ஊர்ச் சனம் வாய்க்குள் ஊற்றுகிற சாமானுக்கு ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை!

மாஸ்டர் கந்தோரில் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதைப் போட்டா என்ர முகத்தில நானே கரி பூசுற மாதிரி" என்றார்.

"பாதரிட்ட கேட்டுப் பாருங்க, எடுக்கச் சொன்னா எடுங்க" என்றேன்.

எடுக்கவில்லை. அடுத்த மாதம் வந்தது. ஞாயிறு பூசை முடிய வாசலிலேயே நின்று வாசித்தேன், ஒரு எழுத்தும் குறையவில்லை. மச்சாளுக்கு வாங்கினதைப் பக்கத்து வீட்டு அண்ணனின் ஓட்டோவில் உடனேயே அனுப்பினேன். மத்தியானத்துக்கு முதலே மச்சாளின் போன்.

"இந்தக் கொட்டாஞ்சேனைக் குடும்பப் பெண் நீர்தானே?"

"ஓம் மச்சாள்."

"பாதர் கையெழுத்து வச்சவரோ?"

"விசாரிச்சுத்தான் வச்சவர்."

தம்ளரைக் கழுவுகிற சத்தம் போல ஒன்று கேட்டது. "நாளைக்கு என்னை அந்த டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போம்" என்றா.

கூட்டிக்கொண்டு போனேன். அவவின் கிட்னி முழுக்கத் தப்பவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது என்றார்கள். என் கணவர் துறைமுக வேலைக்குத் திரும்பினார், உப்பையும் தண்ணீரையும் அளந்து அளந்து இருந்தார், பகிடியும் குறையவில்லை. நான் மாதாவுக்கு நன்றிக்கடன் பட்டவள்தான். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஏனென்றால் நன்றிப் பக்கம் வெறும் கடதாசி. ஒரு மாதத்தில் அதில் மீன் சுற்றியிருப்பார்கள். மாதா படம் அப்படியல்ல. அது ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஐப்பசியில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் செபமாலை சொல்லப் போனபோது நான் செபமாலையோடு ஒரு கறுப்புப் பேனையும் கொண்டுபோனேன். செபம் முடிந்து கோப்பி வரும் இடைவெளியில், அந்த வைகாசிப் படம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். எடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திருப்புவேன். அந்தப் பந்தியைக் குறுக்கே கோடு போட்டு வெட்டி, ரோசாப்பூக் கரைக்கு மேலே, "குடிக்க வேண்டாம்" என்று எழுதுவேன்.

ஒரு வீட்டில் அந்த வீட்டுக்காரி ஓடி வந்து என் கையைப் பிடித்தா. "ஐயோ அக்கா, மாதா படத்தில கீறாதீங்க! பாவம்!"

"கையை விடுங்க தங்கச்சி. மாதாவுக்கு ஒண்டும் ஆகாது. உங்கட வீட்டுக்காரருக்கும் சீனிதானே?"

கையை விட்டுவிட்டா. நான் எழுதி முடிக்குமட்டும், மை ஊறி முன்பக்கம் வந்துவிடாமல், அவவே படத்தைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு நின்றா.